இலையைப் பறிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்: டி.என்.ஏ. வைரஸா, ஆர்.என்.ஏ. வைரஸா?

தாவர வைரஸ் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் புராஜெக்ட் மாணவர்களுக்கும், திசு வளர்ப்புக் கூடங்களில் பரிசோதனை வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் வீணாக்கினேன். வீணானது என் நேரம் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தொட்டியம் பக்கத்து நேந்திரன் வாழைத் தோட்டம் ஒன்றிலிருந்து இலை வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி டி.என்.ஏ. பிரித்தேன், தேடும் துண்டைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். ஓட்டினேன். பெருகிய துண்டைக் கோடாகக் காட்டும் ஜெல்லில் எந்தப் பேண்டும் இல்லை. "ஒண்ணும் இல்லைங்கய்யா" என்று தோட்டக்காரருக்குப் போனில் சொன்னேன். "அப்ப இந்தக் கட்டையிலயே கன்னு எடுத்துக்கலாமா பாப்பா?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். நான் தேடிய பூமடல் தேமல் வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. டி.என்.ஏ. பிரிக்கும் முறையின் கடைசியில், கூடவே வரும் ஆர்.என்.ஏ.வை ஒழிக்க ஒரு நொதி சேர்ப்போம். எதைத் தேடினேனோ அதை என் கையாலேயே அழித்துவிட்டுத் தேடியிருக்கிறேன். சில மாதம் கழித்து அந்தக் கன்றுகளின் தண்டில் செந்நிறக் கீற்றுகள் தெரிந்தன. அவற்றைப் பிடுங்கி அழித்த அன்று நானும் அந்த வரப்பில் நின்றிருந்தேன்.

எந்தப் பயிரானாலும் வரிசை இதுதான். நான் வாழையை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அது, அதோடு அதன் முக்கியமான நான்கு வைரஸ்களில் இரண்டு டி.என்.ஏ., இரண்டு ஆர்.என்.ஏ.

1. பெயரையும் அறிகுறியையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்

நோயின் பெயர் வெளியே தெரியும் அடையாளத்தைப் பார்த்து வைத்தது. உள்ளே இருக்கும் மரபுப்பொருளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நம் வீட்டில் எல்லாவற்றையும் அம்மை என்றுதான் சொல்கிறோம். பெரியம்மையும் சின்னம்மையும் டி.என்.ஏ. வைரஸ்கள். தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். பயிரில் தேமல் என்ற சொல்லும் இப்படித்தான். மரவள்ளித் தேமல் டி.என்.ஏ. வைரஸால் வருவது, வெள்ளரித் தேமல் ஆர்.என்.ஏ. வைரஸால் வருவது. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் டி.என்.ஏ., பப்பாளியின் வளையப்புள்ளி ஆர்.என்.ஏ.

பரப்பும் பூச்சியைப் பார்த்தாவது சொல்லிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. வாழை முடிக்கொத்து வைரஸையும் அசுவினிதான் பரப்புகிறது, பூமடல் தேமலையும் அசுவினிதான் பரப்புகிறது. முதலாவது டி.என்.ஏ., இரண்டாவது ஆர்.என்.ஏ.

அறிகுறிகளைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வைரஸைச் சந்தேகப்பட வேண்டும் என்று காட்டுபவை அவைதான். இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டிக் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக, தந்திக் குறிபோல, கொக்கி வளைந்து நரம்புக்குள் போனால் முடிக்கொத்தைச் சந்தேகப்படலாம். தண்டின் காய்ந்த மட்டையை உரித்ததும் கதிர் வடிவத்தில் செந்நிறக் கீற்றுகள் தெரிந்தால் பூமடல் தேமல். இலையில் வெளிர்மஞ்சள் கோடுகள் மட்டும் இருந்தால் கவனம் தேவை. வெள்ளரித் தேமல் வைரஸும் வாழைக் கோட்டு வைரஸும் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். கோட்டு வைரஸின் கோடுகள் பின்னால் பழுப்பாகிக் கருகும். அதுவரை இரண்டுக்கும் சோதனை செய்வதே சரி.

2. சந்தேகப்படும் வைரஸின் ஜாதகத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

சோதனைக் கிட்டை எடுப்பதற்கு முன்னால் இந்த வேலையை முடியுங்கள். அரை மணி நேரம் போதும். நான்கு விவரம் வேண்டும்: டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா, ஒற்றை இழையா இரட்டை இழையா, வட்டமா நீளமா, எத்தனை துண்டு. என் மேசையில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது இது.

முடிக்கொத்து வைரஸ்: டி.என்.ஏ., ஒற்றை இழை, வட்டம், ஆறு துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,000 எழுத்து (சங்கிலியின் ஒரு கண்ணி ஒரு எழுத்து) நீளம்.

வாழைக் கோட்டு வைரஸ்: டி.என்.ஏ., இரட்டை இழை, வட்டம், ஒரே துண்டு, 7,000 எழுத்துக்குச் சற்று மேல்.

பூமடல் தேமல் வைரஸ்: ஆர்.என்.ஏ., ஒற்றை இழை, நீளம், ஒரே துண்டு, 10,000 எழுத்துக்குச் சற்றுக் குறைவு, வாலில் ஏ எழுத்துத் தொடர் உண்டு.

வெள்ளரித் தேமல் வைரஸ்: ஆர்.என்.ஏ., ஒற்றை இழை, நீளம், மூன்று துண்டுகள், வாலில் ஏ தொடர் கிடையாது.

வால் விவரத்தை எதற்கு எழுதி வைத்திருக்கிறேன் என்பது எட்டாம் படியில் தெரியும்.

இந்த விவரங்களை மரபு வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்க் தளத்தில் பார்க்கலாம். பதிவின் முதல் வரியான லோகஸ் வரியிலேயே மூலக்கூறின் வகை இருக்கும். புதியவர்கள் எல்லோரும் இடறும் இடம் ஒன்று அங்கே உண்டு. ஆர்.என்.ஏ.வில் டி எழுத்துக்குப் பதில் யு எழுத்து வரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் இந்தத் தரவுத்தளத்தில் ஆர்.என்.ஏ. வைரஸின் வரிசையையும் டி போட்டுத்தான் எழுதியிருப்பார்கள். டெங்கு வைரஸைத் திறந்தாலும் கொரோனாவைத் திறந்தாலும் டி தான் தெரியும். டி இருக்கிறதே, அப்போது டி.என்.ஏ. வைரஸ்தான் என்று என்னோடு சேர்ந்த ஒரு மாணவர் தன் அறிக்கையில் எழுதியேவிட்டார். எழுத்துகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், லோகஸ் வரியைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம்: தலைகீழ்ப் படியெடுப்பு நொதி (ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி) உள்ள வைரஸ் எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ் என்று நினைப்பது. எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ.வைச் சுமந்து வந்து செல்லுக்குள் டி.என்.ஏ. ஆகிறது. ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ.வைச் சுமக்கிறது, பெருகும்போது மட்டும் ஆர்.என்.ஏ. வழியாகப் போகிறது. வாழைக் கோட்டு வைரஸும் ஹெபடைடிஸ் பி போல இரண்டாவது வகைதான். வகையை முடிவுசெய்வது வைரஸ் துகளின் உறைக்குள் எது இருக்கிறது என்பதுதான்.

3. மாதிரிப் படிவம்

இலை வருவதற்கு முன்பே படிவம் தயாராக இருக்க வேண்டும். ஊர், ரகம், பயிரின் வயது, கன்று எங்கிருந்து வந்தது, அறிகுறி, பூச்சி இருந்ததா, பறித்த தேதியும் நேரமும், எதில் போட்டு அனுப்பினார்கள், இவை கட்டாயம். ரகத்தை விட்டுவிடாதீர்கள். பூவனா ரொபஸ்டாவா என்பது ஒன்பதாம் படியில் முடிவையே மாற்றிவிடும். இலை, தண்டு, குலை, மொத்தப் பயிர் என்று நான்கு போட்டோ வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் படிவத்தில் நான் ஒரு வரி சேர்த்தேன்: "தேடும் வைரஸின் மரபுப்பொருள்." அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மாதிரியை வாங்குவதில்லை. இரண்டுக்கும் சோதனை என்றால் இரண்டு எண், இரண்டு டியூப். டியூபின் மூடியில் மட்டும் எண் எழுதினால், மூடி மாறும்போது மாதிரியும் மாறிவிடும். பக்கவாட்டிலும் எழுதுங்கள். சாதாரண மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் அழியும். பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டை உறைக்குள் போடுவதே பத்திரம்.

4. இலை எடுப்பதும் கொண்டுவருவதும்

இரண்டு வகைக்கும் செலவு வேறாகத் தொடங்குவது இங்கேதான். டி.என்.ஏ. பொறுமையானது. இலையைச் சிலிக்கா ஜெல் போட்டு உலர்த்தி, சாதாரணத் தபாலில் அனுப்பினாலும் வேலை நடக்கும். ஆர்.என்.ஏ. அப்படி இல்லை. அதன் சர்க்கரையில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அந்தத் தொகுதியே தன் சங்கிலியை வெட்டிக்கொள்ள வழி செய்கிறது. போதாக்குறைக்கு ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி நம் விரலில், வியர்வையில், பெஞ்சில், இலைக்குள் என்று எங்கும் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அந்த நொதி முழுதாகச் சாகாது.

அதற்காகப் பதற வேண்டியதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ. புரத உறைக்குள்ளும், உறை முழு இலைக்குள்ளும் இருக்கும்வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆபத்து இலையை நறுக்கி, நசுக்கிய பிறகுதான். அதனால் இலையைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பச் சொல்லாதீர்கள். பெரிய துண்டாக, ஈரத்தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுவரச் சொல்லுங்கள். வந்ததும் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மைனஸ் 80 ஃப்ரீசரில் போடுங்கள். அது இல்லாத இடத்தில் ஆர்.என்.ஏ. காப்புத் திரவத்தில் போட வேண்டும். அப்போது மட்டும் சிறு துண்டாக நறுக்கி உடனே அமிழ்த்துங்கள், இல்லாவிட்டால் திரவம் உள்ளே இறங்காது.

எந்தப் பகுதியை எடுப்பது? முடிக்கொத்து வைரஸ் உணவுக்குழாய்த் திசுவில் மட்டும் வாழ்வது. இலையின் ஓரத்தைக் கிள்ளி அனுப்பினால் கிடைக்காமல் போகலாம். நடுநரம்பும் இலைக்காம்பும் வேண்டும்.

5. பணத்தையும் நாளையும் முன்பே கணக்கிடுங்கள்

10 மாதிரி என்று வையுங்கள். டி.என்.ஏ. வைரஸுக்கு 10 மாதிரியோடு மூன்று கன்ட்ரோல்: வைரஸ் இருப்பது உறுதியான செடி, நோயற்ற செடி, வெறும் தண்ணீர். ஆக 13 டியூப். மாதிரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க, வாழையின் சொந்த மரபணு ஒன்றுக்கு இன்னொரு 13. மொத்தம் 26 பி.சி.ஆர். வினை.

ஆர்.என்.ஏ. வைரஸுக்கு முதலில் 13 தலைகீழ்ப் படியெடுப்பு வினை. பிறகு வைரஸுக்கு 13 பி.சி.ஆர்., நொதி சேர்க்காத ஒப்பீட்டுக்கு (எட்டாம் படியில் வரும்) 10, வாழை மரபணுவுக்கு 13, ஆக 36. இதற்கு மேல் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி, ஆர்.என்.ஏ. காப்புப் புரதம், வடிகட்டி உள்ள பிப்பெட் டிப், ஐஸ், திரவ நைட்ரஜன் எல்லாம் வாங்க வேண்டும். பட்ஜெட்டில் இரண்டுக்கும் ஒரே தொகை போட்டால் பாதியில் நொதி தீர்ந்துவிடும்.

நாள் கணக்கு: டி.என்.ஏ. என்றால் காலையில் அரைக்கத் தொடங்கி இருட்டும்போது ஜெல் பார்க்கலாம். ஆர்.என்.ஏ.வை லித்தியம் குளோரைடு முறையில் பிரித்தால் ஒரு இரவு குளிரில் வைக்க வேண்டும், ஆகவே இரண்டு நாள். பிரைமர் (பி.சி.ஆர். எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) தபாலில் வர ஆகும் நாள் தனி.

நொதிகளை வார இறுதிக்கு முன்னால் வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை வந்த பெட்டி திங்கள்வரை கூரியர் அலுவலகத்திலேயே இருந்ததும், ஐஸ் உருகி நொதி வீணானதும் எனக்கு நடந்திருக்கிறது. திங்கள் அல்லது செவ்வாய் வரும்படி கேளுங்கள்.

6. பிரித்தெடுத்தல்

வாழைச் சாறு துணியில் பட்டால் கறை போகாது என்பது நமக்குத் தெரியும். அதே பொருள்தான் டியூபிலும் தொல்லை கொடுக்கிறது. அரைத்த சாறு பழுப்பாக மாறினால் பி.சி.ஆர். நொதி வேலை செய்யாது. இலையின் செல்லை உடைக்கும் சி.டாப் கரைசலில் மெர்காப்டோஎத்தனாலும் பி.வி.பி.யும் சேர்த்தால் பழுப்பு குறையும். மெர்காப்டோஎத்தனாலைப் புகைப்பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். 65 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி, பிறகு குளோரோஃபார்ம், ஐசோபுரோபனால், 70 சதவீத எத்தனால்.

ஆர்.என்.ஏ. வேலை என்றால் முறைத்தாளில் ஆர்.என்.ஏ.ஸ் (ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி) என்று எழுதியிருக்கும் வரியைச் சிவப்பில் அடித்துவிடுங்கள். அந்த நொதி இருக்கும் குப்பியை அந்தப் பெஞ்சுக்கே கொண்டுவராதீர்கள். கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். போனைத் தொட்டால் கட்டாயம் மாற்றுங்கள்.

அளவுமானியில் 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலின் விகிதம் டி.என்.ஏ.வுக்கு 1.8 அருகிலும் ஆர்.என்.ஏ.வுக்கு 2.0 அருகிலும் வரும். அதைப் பார்த்து வைரஸின் வகையைச் சொல்லிவிட முடியாது. டியூபில் இருப்பதில் பெரும்பகுதி வாழையின் சொந்தச் சரக்கு. அந்த எண் காட்டுவது சுத்தத்தை மட்டும்தான்.

7. என்ன வைரஸ் என்றே தெரியாதபோது

அப்போது வைரஸ் துகளையே முதலில் சுத்தமாகப் பிரிக்க வேண்டும். துகளுக்கு வெளியே ஒட்டியிருக்கும் செடியின் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் நொதியால் அழித்த பிறகு, உறையை உடைத்து உள்ளிருப்பதை எடுங்கள். அதை மூன்று டியூபில் பிரியுங்கள். ஒன்றில் டி.என்.ஏ.ஸ் (டி.என்.ஏ.வை அழிக்கும் நொதி), ஒன்றில் ஆர்.என்.ஏ.ஸ், ஒன்றில் எதுவும் வேண்டாம். மூன்றையும் ஜெல்லில் ஓட்டுங்கள். டி.என்.ஏ.ஸ் போட்டதில் பேண்ட் மறைந்தால் டி.என்.ஏ. வைரஸ், ஆர்.என்.ஏ.ஸ் போட்டதில் மறைந்தால் ஆர்.என்.ஏ. வைரஸ்.

உப்பின் அளவை மறக்காதீர்கள். உப்பு அதிகமாக இருந்தால் ஆர்.என்.ஏ.ஸ் ஏ ஒற்றை இழையை மட்டும் வெட்டும், இரட்டை இழை ஆர்.என்.ஏ. தப்பிவிடும். அதைப் பார்த்துவிட்டு டி.என்.ஏ. என்று எழுதிவிடாதீர்கள். குறைந்த உப்பிலும் ஒருமுறை ஓட்டுங்கள். இலையை நேரடியாக அரைத்து இந்தச் சோதனையைச் செய்வது வீண். செடியின் சரக்குதான் தெரியும்.

8. பி.சி.ஆர்.: நொதி போட்டதும் போடாததும்

பி.சி.ஆரில் போடும் டாக் நொதிக்குப் படிக்கத் தெரிந்தது டி.என்.ஏ. மட்டும். ஆர்.என்.ஏ. என்றால் முதலில் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியால் டி.என்.ஏ. நகலாக மாற்ற வேண்டும். 42 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம்.

ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு டியூப் வையுங்கள், ஒன்றில் நொதி, ஒன்றில் நொதி இல்லை. போட்டதில் மட்டும் பேண்ட் வந்தால் அது ஆர்.என்.ஏ.விலிருந்து வந்தது. இரண்டிலும் வந்தால் டியூபில் டி.என்.ஏ. இருக்கிறது. இந்த ஒப்பீடு இல்லாமல் ஆர்.டி.-பி.சி.ஆரில் (தலைகீழ்ப் படியெடுப்போடு சேர்ந்த பி.சி.ஆர்.) பேண்ட் வந்தது, ஆகவே ஆர்.என்.ஏ. வைரஸ் என்று எழுதினால் தவறாகிவிடலாம். டி.என்.ஏ. வைரஸும் செல்லுக்குள் தூது ஆர்.என்.ஏ. தயாரிக்கும், அதுவும் இந்தச் சோதனையில் பேண்ட் கொடுக்கும். முதல் பேண்ட் வந்த மகிழ்ச்சியில் விட்டுப்போவது இந்த ஒப்பீட்டு டியூப்தான்.

இப்போது வால் விவரம். தலைகீழ்ப் படியெடுப்புக்குப் பலர் டி எழுத்துகள் மட்டும் கொண்ட பிரைமரைப் போடுவார்கள். அது ஏ தொடர் வாலில் ஒட்டும். பூமடல் தேமலுக்கு அது சரி. வெள்ளரித் தேமலுக்கு அந்த வாலே இல்லை. அதற்குக் குறிப்பிட்ட பிரைமரோ, எங்கும் ஒட்டும் ஆறெழுத்துக் கலவையோ போடுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால், வைரஸ் இருக்கும் செடிக்கு நோயில்லை என்று முடிவு வந்துவிடும்.

9. பூவனும் கோட்டு வைரஸும்

வாழைக் கோட்டு வைரஸின் டி.என்.ஏ. சில வாழை ரகங்களின் சொந்த மரபுத்தொகுதியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பி மரபுத்தொகுதி (மூசா பால்பிசியானா என்ற காட்டு வாழையிலிருந்து வந்தது) உள்ள ரகங்களில் இதை எதிர்பார்க்க வேண்டும். நம் பூவன் அப்படிப்பட்ட ரகம். அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து நேரடியாக பி.சி.ஆர். ஓட்டினால், செடியில் வைரஸ் துகள் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பேண்ட் வரலாம். பளிச்சென்ற அந்தப் பேண்டைப் பார்த்து ஒரு தொகுதி கன்றையே நிராகரித்துவிட வாய்ப்பு உண்டு.

இதற்கு எதிர்ப்புரதம் பூசிய டியூபில் வைரஸ் துகளைப் பிடித்து, மீதியைக் கழுவிவிட்டு, பிறகு பி.சி.ஆர். ஓட்டலாம். கழுவியபின் செடியின் டி.என்.ஏ. மிச்சமில்லை என்று காட்ட, வாழை மரபணுவுக்கான சோதனையையும் அதே டியூபில் செய்யுங்கள். வட்ட டி.என்.ஏ.வை மட்டும் பெருக்கும் முறையும் இருக்கிறது. மரபுத்தொகுதியில் ஒட்டிக் கிடப்பது வட்டம் இல்லை, அதனால் அது பெருகாது.

10. அறிக்கை

வாழை மரபணுவின் பேண்ட் வராத மாதிரிக்கு எந்த முடிவும் எழுதாதீர்கள். "மாதிரி சரியில்லை, மறுபடி அனுப்பவும்" என்று எழுதுங்கள். அன்று நான் இந்த ஒரு கன்ட்ரோலை ஆர்.என்.ஏ.வுக்கு வைத்திருந்தாலே தவறு தெரிந்திருக்கும். பேண்ட் வந்து வைரஸ் மட்டும் வராவிட்டாலும் "வைரஸ் இல்லை" என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்த வைரஸுக்கு, எந்த முறையில், எந்தத் தேதியில் பறித்த இலையில் சோதித்தோம் என்று எழுதி, "காணப்படவில்லை" என்று முடியுங்கள். ஜெல் படத்தை எல்லாக் கன்ட்ரோல்களோடும் இணையுங்கள். மீதி ஆர்.என்.ஏ.வைச் சிறு டியூப்களாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள், ஒரே டியூபைத் திரும்பத் திரும்ப உருக்கினால் சிதையும்.

முடிவு தெரிந்த அன்றே தோட்டக்காரருக்குப் போன் செய்யுங்கள். எந்தெந்த வைரஸுக்குப் பார்த்தோம், எதற்கு இன்னும் பார்க்கவில்லை என்று இரண்டையும் சொல்லுங்கள். கன்று எடுக்க ஆள் வந்துவிட்டால் உங்கள் அறிக்கை தபாலில் வந்துசேரும்வரை அவர் காத்திருக்க முடியாது.